கட்டம் போட்ட ஃபிளானல் பைஜாமா, வீட்டில் நால்வருக்கும்: துணி அளவு, கட்டம் சேர்ப்பது, குழந்தைக்கு எது சரி

நூல்கண்டு

ஒரே கட்டத் துணியில் வீட்டில் நாலு பேருக்கும் ஃபிளானல் பைஜாமா தைக்கத் திட்டம். பெரியவர் இருவர், ஒன்பது வயதுப் பையன் ஒருவன், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. துணி முழுப் பருத்தி, அகலம் 110 செ.மீ. சிவப்பும் கரும்பச்சையும் கலந்த கட்டம். ஒரு கட்டம் முழுதாக முடிந்து மறுபடி தொடங்கும் தூரம், அதாவது ரிப்பீட், நீளவாக்கில் 15 செ.மீ., அகலவாக்கில் 12 செ.மீ. முழு நீளம் முறையே 105, 98, 80, 48 செ.மீ. பெரியவர்களின் சீட் அளவு, அதாவது உட்காரும் பகுதியின் அகலமான இடத்துச் சுற்று, 100-ஐ ஒட்டி.

கேள்விகள்: எத்தனை மீட்டர் வாங்குவது? எந்தெந்தத் தையலில் கட்டம் சேர வேண்டும்? குழந்தைக்கும் இதே துணி போதுமா?

பாவும்ஊடையும்

வாங்குவதற்கு முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். கோடு நூலோடே ஓடும். அச்சடித்த கட்டம் பின்பக்கம் வெளிறித் தெரியும், பல நேரம் நூலுக்குக் கோணலாகவும் அச்சாகியிருக்கும். கோணல் அச்சை எந்த வெட்டாலும் சரி செய்ய முடியாது. நூலைப் பார்த்து வெட்டினால் கட்டம் சாயும், கட்டத்தைப் பார்த்து வெட்டினால் கால் முறுக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட துணியை வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, கட்டம் இருபுறமும் சமமா என்று பாருங்கள். பெரிய கோட்டின் நடுவில் நீளவாக்கில் மடியுங்கள். இடமும் வலமும் கண்ணாடிபோல் ஒத்துப்போகிறதா? பிறகு அகலவாக்கில் மடித்து மேலும் கீழும் அதே மாதிரி பாருங்கள். இரண்டிலும் ஒத்துப்போனால் சமக் கட்டம், தைக்க எளிது. மேல் கீழ் ஒத்துப்போகாவிட்டால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் தலை வைத்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான். இடம் வலம் ஒத்துப்போகாத கட்டம்தான் சிக்கல், ஏனென்றால் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று கண்ணாடியாக வராது. அதற்கும் வழி உண்டு. நூல்சாயத் துணியாகவும் இருபக்கமும் பஞ்சு எழுப்பியதாகவும் இருந்தால், ஒரு காலைத் துணியின் பின்பக்கத்தை நல்ல பக்கமாக வைத்து வெட்டலாம்.

எடை ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 180 கிராம் வரை இருந்தால் பைஜாமாவுக்குப் போதும். அதற்குக் கீழே போனால் சீட்டில் சீக்கிரம் கிழியும். காரணம் நெசவிலேயே இருக்கிறது. ஃபிளானலில் மென்மைக்காகக் கம்பித் தூரிகையால் சுரண்டி எழுப்புவது பெரும்பாலும் ஊடை நூலின், அதாவது குறுக்கு நூலின், இழைகளை. முறுக்குக் குறைவாக நூற்ற அந்த நூல் சுரண்டலில் இன்னும் பலம் இழக்கிறது. உட்காரும்போது சீட்டில் இழுவை குறுக்கே, ஊடையின் மேல்தான் விழுகிறது. அதனால் பழைய ஃபிளானல் பைஜாமா கிழிவதைக் கவனித்தால் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோட்டில், பின்பக்கத்தில் கிழியும். வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பாருங்கள். திட்டுத்திட்டாக ஒளி வந்தால் சுரண்டல் அதிகம். கட்டைவிரலால் ஒரே இடத்தில் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். உருண்டை திரண்டால் அது குட்டை இழை, நாலைந்து சலவையில் எங்கும் முடிச்சு முடிச்சாக நிற்கும்.

அளவுநாடா

மீட்டர் கணக்கு நான் சொல்கிறேன். முதலில் சுருக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பருத்தி ஃபிளானல் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும், நீளவாக்கில்தான் அதிகம். மாதிரித் துண்டு கிடைத்தால் அதில் 40 செ.மீ. சதுரம் ஒன்றை நூலால் குறித்துத் துவைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு 4 மி.மீ. குறைவும் ஒரு சதவீதம். கிடைக்காவிட்டால் 8 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி 105 நீளத்துக்கு: இடுப்புப் பட்டி மடிக்க 5, கால் மடிப்புக்கு 4, ஆக 114. சீட் 100 என்றால் ஒரு காலின் முன்துண்டு கவட்டு நீட்டலோடு (இரண்டு காலும் கூடும் இடத்தில் துண்டு வெளியே நீளும் பகுதி) 37 செ.மீ. போல, பின்துண்டு 42 போல வரும். இரண்டும் சேர்ந்து 79. 110 அகலத்தில் ஒரு கால்தான் அடங்கும். ஆக இரண்டு நீளம், 228. கட்டத்தை நகர்த்திப் பொருத்த ஒரு ரிப்பீட், 15. மொத்தம் 243. 8 சதவீதச் சுருக்கத்துக்காக இதை 0.92-ஆல் வகுத்தால் 264. வாங்க வேண்டியது 2.75 மீட்டர்.

இதே வழியில் 98-க்கு 2.5 மீட்டர், 80-க்கு 2.1 மீட்டர். 48-க்கு இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நீளத்தில் அடங்கிவிடும், 0.8 மீட்டர் போதும். மொத்தம் 8.15, எட்டேகால் மீட்டராக ஒரே பேலிலிருந்து ஒரே தடவையில் வெட்டி வாங்குங்கள். அடுத்த பேலில் சிவப்பு ஒரு சாயல் மாறினாலும் நால்வரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பளிச்செனத் தெரியும்.

இன்னொன்று: 15 செ.மீ. ரிப்பீட் பெரியவர்களுக்கு அழகு. 48 செ.மீ. காலில் மூன்று கட்டம்தான் நிற்கும், குழந்தை போர்வையைச் சுற்றியதுபோல் இருக்கும். சிறுவர்களுக்கு 5, 6 செ.மீ. ரிப்பீட்டில் அதே நிறங்களில் கிடைத்தால் அதை எடுங்கள். ஒரே குடும்பம் என்பது நிறத்தில் தெரிந்தால் போதும்.

கத்தரிப்பிடி

முதலில் துவைப்பு. வெட்டு ஓரங்களை ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக் அடித்துவிட்டு, தைத்து முடித்த பின் எப்படித் துவைப்பீர்களோ அதே சூட்டில், அதே முறையில் துவைத்து உலர்த்துங்கள். டிரையரில் போடும் வீடு என்றால் துணியையும் டிரையரில் போட வேண்டும். இரண்டு தடவை செய்வது நல்லது, ஃபிளானல் முதல் தடவையிலேயே முழுக்கச் சுருங்கி முடிப்பதில்லை. லேசான ஈரத்தில் எடுத்து, எதிரெதிர் மூலைகளை இழுத்து, குறுக்குக் கோடுகள் கரைக்குச் செங்குத்தாக வரும்வரை சரி செய்து தேயுங்கள். தேய்க்கும்போது இஸ்திரியை நீளமாக இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இழுத்தால் பஞ்சும் படியும், கோடும் வளையும்.

கட்டம் சேர்ப்பதில் ஒரே விதி: சேர வேண்டியது தையல் விழும் கோட்டில், வெட்டு ஓரத்தில் அல்ல. 1.5 செ.மீ. தையல் இடம் விடுகிறீர்கள் என்றால் பேட்டர்னில், அதாவது வெட்டுவதற்கான காகித மாதிரியில், அந்தத் தையல் கோட்டைக் கட்டாயம் வரைந்துகொள்ளுங்கள்.

துணியை மடிக்காமல், ஒற்றையாக, நல்ல பக்கம் மேலே விரியுங்கள். கால் மடிப்பு விழும் கோட்டைப் பேட்டர்னில் குறித்து, நான்கு துண்டிலும் அந்தக் கோடு ஒரே குறுக்குப் பட்டையின் மேல் உட்காருமாறு வையுங்கள். பக்கத் தையல் முழுக்க அதிலேயே சேர்ந்துவிடும், பைஜாமாவில் பக்கம் நேராகத்தானே போகிறது. நெடுக்கில், அழுத்தமான பட்டை காலின் நட்ட நடுவில் இறங்கட்டும். குறுக்கில், இருண்ட பட்டை சீட்டின் அகலமான இடத்தில் விழாமல் பாருங்கள், அது இடுப்பை இரண்டாக வெட்டிக் காட்டும்.

ஒரு காலை வெட்டியதும் அடுத்த காலுக்குப் பேட்டர்னைத் தேடாதீர்கள். வெட்டிய துண்டையே கவிழ்த்து, நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க, துணியின் மேல் வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஓரத்தில் ஒவ்வொரு கோடும் கீழ்த்துணியின் கோட்டில் தொடர்ந்து ஓடி, துண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கரைய வேண்டும். அந்த இடத்தில் குண்டூசி குத்தி வெட்டுங்கள். இதைவிடத் துல்லியமான அளவுகோல் எதுவும் இல்லை.

நூல்கண்டு

மிக்க நன்றி. பக்கத் தையல் புரிந்தது. உள்கால் தையலிலும் இதேபோல் சேருமா?

கத்தரிப்பிடி

முழங்கால் வரை சேரும், அதற்கு மேல் சேராது. பின்துண்டின் கவட்டு நீட்டல் முன்துண்டைவிட 4, 5 செ.மீ. அதிகம். அதனால் பின்துண்டின் உள்கால் கோடு அதிகம் சாய்ந்து மேலே போகிறது, முன்துண்டின் கோடு ஏறக்குறைய நேராக. சாய்வு வேறானால் ஒரே உயரம் ஏற இரண்டுக்கும் வேறு வேறு நீளம் ஆகும். கட்டத்தை இழுத்துச் சேர்த்தால் கால் முறுக்கும். மேல்தொடையின் உள்பக்கம் யார் கண்ணுக்கும் படாது, அங்கே விட்டுக்கொடுங்கள்.

பின்னால் நடுத்தையல் வேறு கதை. இரண்டு பின்துண்டும் கண்ணாடியாக வெட்டப்பட்டிருந்தால் குறுக்குக் கோடுகள் தாமாகச் சேரும். நெடுக்குக் கோடுகள் சாய்வின் காரணமாக நடுவில் அம்புமுனை போலக் கூடும். அது பிழை இல்லை. ஒரு பக்க அம்பு மறுபக்கத்தைவிடக் கீழே இறங்கினால்தான் பிழை. முன்னுரிமை கேட்டால் பின்நடுத்தையல், முன்நடுத்தையல், பக்கம், கடைசியில் உள்கால்.

சிறுதையல்

குழந்தைக்கு இதே துணியா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இதைக் கவனமாகப் படியுங்கள்.

பஞ்சு எழுப்பிய பருத்தி சீக்கிரம் தீப்பிடிக்கும். எழும்பி நிற்கும் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒரு பொறி பட்டால் மேற்பரப்பில் தீ ஓடும். தொளதொளவென்று தொங்கும் உடுப்பு தீயை எட்டும் வாய்ப்பும் அதிகம், உடுப்புக்கும் உடலுக்கும் இடையே உள்ள காற்று எரிவதற்கும் உதவும். பிரிட்டனில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபிளானலெட் இரவு உடைகள் தீப்பிடித்துக் குழந்தைகள் இறந்தது பெரும் பிரச்சினையாக இருந்தது. தீப்பிடிக்காது என்று பொய்யாகச் சொல்லி அந்தத் துணியை விற்பதைத் தடுக்க 1913-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

இன்று அமெரிக்காவில் 9 மாத அளவுக்கு மேல் 14 அளவு வரையான சிறுவர் இரவு உடை ஒன்று தீத்தடுப்புச் சோதனையில் தேற வேண்டும், அல்லது உடலை ஒட்டி இருக்க வேண்டும். உடலை ஒட்டிய உடைக்கு 1996-ல் விலக்கு கொடுத்தபோது மார்பு, இடுப்பு, சீட், தொடை, மேல்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவு வகுத்தார்கள். வீட்டில் தைப்பதை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனாலும் அதன் பின்னால் உள்ள காரணம் எந்த வீட்டிலும் ஒன்றுதான்.

நீட்சி இல்லாத நெய்த ஃபிளானலை உடலை ஒட்டித் தைத்தால் குழந்தையால் காலை மடக்கி உட்கார முடியாது. அதனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு இரவு உடையைப் பருத்தி இன்டர்லாக் நிட்டில் (பனியன் போல இழுபடும் துணி), உடலை ஒட்டி, கால் கை நுனியில் ரிப் என்ற இழுபடும் பட்டி வைத்துத் தைப்பதுதான் சரி. நிறத்தை மற்றவர்களோடு பொருத்துங்கள். ஒன்பது வயதுக்காரனுக்கும் அதுதான் என் சிபாரிசு. ஃபிளானல் வேண்டும் என்றால் பகலில் வீட்டில் போட்டுக்கொள்ளும் கால்சட்டையாக, அடுப்பு, மெழுகுவர்த்தி, ஹீட்டர் பக்கம் போகாத நேரத்துக்கு.

கழுத்திலோ தலையை மூடும் ஹூடிலோ நாடா வேண்டவே வேண்டாம். இடுப்பில் முன்னால் நாடா முடிச்சு அழகுக்கு வேண்டுமானால் சின்னதாகக் கட்டி, நடுவில் தைத்து நிறுத்திவிடுங்கள். உள்ளே எலாஸ்டிக் மட்டும்.

பாவும்ஊடையும்

சிறுதையல் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கூடவே ஒன்று: திரவத் துணி மென்மையூட்டியை ஃபிளானலுக்கும் சிறுவர் இரவு உடைக்கும் போடாதீர்கள். பஞ்சுத் துணி தீப்பிடிக்கும் வேகத்தை அது கூட்டும், தீத்தடுப்புப் பூச்சு உள்ள உடையில் அந்தப் பூச்சின் வேலையையும் கெடுக்கும். பருத்தியில் ஈரம் உறிஞ்சுவதையும் குறைக்கும்.

இதற்குப் பதில் ஃபிளீஸ் எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். ஃபிளீஸ் பாலியெஸ்டர். எடைக்குக் கதகதப்பு அதிகம், சீக்கிரம் உலரும். வியர்வையை உறிஞ்சாது. நள்ளிரவில் உடல் சூடேறினால் உள்ளே புழுங்கும். தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மேலே போடும் கோட்டுக்கு ஃபிளீஸ், தோலோடு ஒட்டும் பைஜாமாவுக்குப் பருத்தி.

எண்ணெய்க்குப்பி

மெஷின் பக்கம் வருகிறேன். ஊசி 80/12, கனத் துணிக்கு 90/14, புதியது. நூல் பாலியெஸ்டர். தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ. துணியை மேலிருந்து பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். ஃபிளானலில் பஞ்சும் பஞ்சும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கீழ்த்துணியை மெஷினின் பற்கள் இழுத்துச் செல்ல, மேல்துணி பின்தங்கும். ஒரு மீட்டர் தையலில் அரை செ.மீ. நகர்ந்தாலும் கத்தரிப்பிடி செய்யச் சொன்ன அத்தனை வேலையும் வீண். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் அதை மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குறுக்குப் பட்டையிலும் ஒரு குண்டூசி, தையலுக்குக் குறுக்காக. குத்தும்போது மேல்துணியின் கோட்டில் இறக்கி, கீழ்த்துணியைத் திருப்பி அதே கோட்டில் ஊசி வெளிவருகிறதா என்று பாருங்கள். கால் மடிப்பிலிருந்து மேல்நோக்கித் தையுங்கள். நகர்ந்தது ஏதாவது இருந்தால் மேலே பட்டிக்குள் மறையும்.

பஞ்சு கொட்டும், மெஷினுக்கு இது முக்கியம். ஒவ்வொரு பைஜாமா முடிந்ததும் ஊசித் தகட்டைக் கழற்றி, பாபின் கேஸையும் பற்களின் இடுக்கையும் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். காற்றடித்து ஊதாதீர்கள், பஞ்சு இன்னும் உள்ளே போய் எண்ணெயோடு ஒட்டும். நடுவில் தையல் விட்டுவிட்டு விழ ஆரம்பித்தால் டென்ஷனைத் திருகுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பழையகட்டு

உள்கால் தையலை இரட்டை மடிப்பாக அடக்கித் தைத்தால்தான் ஆயுசு. ஓவர்லாக் மட்டும் போதாது.

எண்ணெய்க்குப்பி

சட்டைத் துணியில் ஒத்துக்கொள்வேன். 170 கிராம் ஃபிளானலில் நாலு அடுக்கு சேர்ந்தால் தொடையிடுக்கில் கயிறு போல் உருண்டு உரசும், அங்கேயே முதலில் தேயும். சாதாரணத் தையல், இரண்டு இடமும் சேர்த்து ஓவர்லாக், பின்பக்கம் சாய்த்துத் தேய்த்து 5 மி.மீ. தள்ளி மேலே ஒரு தையல். கவட்டு வளைவில் மட்டும் முதல் தையலுக்கு 3 மி.மீ. வெளியே இரண்டாவது தையல் ஓட்டி, அதன் பிறகு ஓவர்லாக்.

பழையகட்டு

கவட்டு வளைவில் சரி. பக்கத் தையலில் என் பேச்சுதான், அங்கே உரசல் இல்லை, மடிப்பு படிந்து நிற்கும்.

அளவுநாடா

சீட் உயரம் யாரும் சொல்லவில்லை. ஃபிளானல் பைஜாமா சங்கடமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளந்து, 2.5 முதல் 4 செ.மீ. கூட்டுங்கள். சீட் சுற்றில் 10 முதல் 15 செ.மீ. தளர்வு. பின்பக்க மேலோரம் முன்பக்கத்தைவிட 3 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும், குனியும்போது இறங்காமலிருக்க. ஏற்கெனவே இருக்கும் நிட் பைஜாமாவை வைத்து அளவெடுக்காதீர்கள். நிட் இழுபட்டுக் கொடுக்கும், ஃபிளானல் கொடுக்காது.

நூல்கண்டு

மேல்சட்டையும் தைக்கலாம் என்றிருக்கிறேன். பித்தான் வைக்கும் முன்பக்கத்தில் கட்டம் எப்படி?

கத்தரிப்பிடி

ஓரம் ஓரமாகச் சேர்க்கக் கூடாது. பித்தான் போட்ட பின் இரண்டு முன்துண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், அப்போது ஒத்துப்போக வேண்டியது மார்பின் நடுக்கோடு. பேட்டர்னில் நடுக்கோட்டைக் குறித்து, இரண்டு துண்டிலும் ஒரே நெடுக்குப் பட்டையின் நடுவில் அதை வையுங்கள். கை பொருத்துவதில் முன்பக்க நாட்ச் குறியிலிருந்து (துண்டுகளைப் பொருத்தப் பேட்டர்னில் இருக்கும் வெட்டுக்குறி) கீழே அக்குள் வரை குறுக்குக் கோடு சேர்ந்தால் போதும். தோள்மேல் துணி கூட்டிச் சுருக்கி ஏற்றுவதால் அங்கே சேராது. பைக்கு இரண்டே வழி: கோட்டோடு கோடு கரையும்படி வெட்டுவது, அல்லது முழுக்கக் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டுவது. கிராஸ் என்றால் மெல்லிய ஒட்டுத்துணி பின்னால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பையின் வாய் தொங்கும். பின்தோள் பட்டியையும் கிராஸில் வெட்டினால் சேர்க்கும் வேலையே மிச்சம்.

கடைத்துணி

தைக்காமல் வாங்குவோருக்கு இரண்டு வரி: முழுப் பருத்தி ஃபிளானல் என்றால், சுருக்கிய துணியில் தைத்தது என்று லேபிளில் இல்லாத பட்சத்தில், நீளத்தில் ஒரு அளவு கூட எடுங்கள். பின்நடுத்தையலைத் திருப்பிப் பாருங்கள். அங்கே குறுக்குக் கோடு ஏறுமாறாக இருந்தால் அவசரமாக அடுக்கி வெட்டியது, கால் முறுக்கும் வாய்ப்பும் உண்டு.

நூல்கண்டு

சிவப்புச் சாயம் வெளியேறாமல் இருக்க வினிகரில் ஊற வைக்கலாமா?

பாவும்ஊடையும்

பயன் இல்லை. பருத்திக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம், அது காரத்தில்தான் நாரோடு பிணைகிறது. வெளியேறுவது பிணையாமல் தங்கிவிட்ட உபரிச் சாயம், கழுவி வெளியேற்ற வேண்டியது. முதல் இரண்டு சலவையைத் தனியாக, நிறைய நீரில், சாயம் பிடிக்கும் தாள் ஒன்றைப் போட்டுச் செய்யுங்கள். தாளில் நிறம் ஏறாதபோது மற்ற துணியோடு சேர்க்கலாம்.

தைத்த பிறகு: உள்பக்கம் வெளியே திருப்பி, 30 டிகிரியில், ஜீன்ஸ், டவல் எதுவும் சேர்க்காமல். உரசல்தான் முடிச்சு கட்ட வைக்கிறது. குறைந்த சூட்டில் உலர்த்தி லேசான ஈரத்தில் எடுங்கள். முடிச்சு எழுந்தால் மின் ஷேவர், துணியைக் கெட்டியான மேசையில் படியவைத்து, அழுத்தாமல். படுக்கை விரிப்பும் ஃபிளானலாக இருந்தால் பைஜாமா அதைக் கவ்வி, புரளும்போது காலைச் சுற்றி முறுக்கும். விரிப்பு வழுவழுப்பான பருத்தியாக இருக்கட்டும், முடிச்சும் குறையும்.

நூல்கண்டு

கடைசியாக, எலாஸ்டிக் எவ்வளவு? பட்டிக்குள் உருண்டு போவதை எப்படித் தடுப்பது?

எண்ணெய்க்குப்பி

3 செ.மீ. அகலம், நிட் வகை. சடைபோல் பின்னிய வகை இழுக்கும்போது அகலம் குறுகும், அதுதான் உருளும். நீளம், இடுப்பளவில் 5 முதல் 8 செ.மீ. குறைத்து. முதலில் பின்னூசி குத்தி ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பட்டியின் உள்அகலம் எலாஸ்டிக்கைவிட 5 மி.மீ. மட்டுமே அதிகம் இருக்கட்டும், அதற்கு மேல் இடம் விட்டால் உள்ளே புரளும். இரண்டு முனையையும் 2 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சதுரமாகத் தையுங்கள். சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, இரண்டு பக்கத் தையலிலும் பின்நடுத்தையலிலும், தையல் குழிக்குள்ளேயே மேலிருந்து கீழாக ஒரு தையல் எலாஸ்டிக்கோடு சேர்த்து அடித்துவிடுங்கள். பின்நடுவில் அடிக்கும்போது சின்ன நாடாத் துண்டு ஒன்றை மடித்து உள்ளே வைத்துத் தைத்தால் இருட்டிலும் முன் எது பின் எது என்று கை தடவியே தெரிந்துவிடும்.